கையை உதறாதீர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, புரட்டாசிச் சாப்பாடு போடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தர்மகர்த்தா கட்டளையிட்டிருக்கிறார். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு என் தமிழ் எட்டவில்லையென்றால் அக்காமார் எடுத்துச் சொல்லுங்கள். போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்ற இந்தப் பேச்சே அவர்களுக்காகத்தான்.

நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தெரு, இரவு நேரம். போலீஸ் வேன் வந்து நிற்கிறது. தம்பி, உன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்குகிறார்கள். அநியாயமாகவே இருக்கட்டும், கையை உதறாதே. உதறினால், கைதாக மறுத்துத் திமிறினான் என்று எழுதிவிடுவார்கள். அடித்ததற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். ‘நான் எதிர்க்கவில்லை’ என்று நாலு பேர் காதில் விழும்படி சொல். பெயரும் முகவரியும் கொடு. அதற்குமேல் வாய் திறக்க வேண்டியதில்லை. அந்த உரிமையைத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு தருகிறது. பார்த்து நிற்பவர்கள் எட்ட நின்று படம் எடுங்கள். நடுவில் பாய்ந்தால் உங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் இந்த டர்பனில் நடந்ததைக் கேட்க வேண்டும். 1977 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பல் மருத்துவர் ஹூசென் ஹஃபெஜி கைதானார். மறுநாள் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் பிணமாகக் கிடந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். அன்றைய விசாரணை மன்றமும் ஆமாம் போட்டது. ஆனால் பிரேதப் பரிசோதனையில் உடம்பிலிருந்த சுமார் 60 காயங்கள் பதிவாகியிருந்தன. 2023-இல் உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பெற்ற தாய் அதைக் கேட்க உயிரோடு இல்லை என்பது வேறு கதை.

ஆகவே காயத்தைப் பதிய வையுங்கள். 48 மணி நேரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் வெள்ளி மாலை பிடித்தால் திங்கள்வரை உள்ளேதான். அதற்குள் சிவப்பு நீலமாகிவிடும், வீக்கம் வடிந்துவிடும். காவலில் இருப்பவர் தான் விரும்பும் மருத்துவரை வரவழைக்கலாம், வீட்டாரைப் பார்க்கலாம். மதகுருவையும் பார்க்கலாம், குருக்களே, உங்களைத்தான் சொல்கிறேன், கூப்பிட்டால் போங்கள். வெளியே விட்டால் அன்றே மருத்துவரிடம் போய், காயங்களைப் பதியும் ஜே 88 படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். அதில் மனித உடம்பின் படம் இருக்கும். எந்தக் காயம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று அதிலேயே குறிப்பார். மணிக்கட்டில் விலங்கு அறுத்த கோட்டையும் விடாமல் காட்டுங்கள். கைபேசியில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும்.

அடித்த நிலையத்திலேயே புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். போலீஸ் செய்யும் தாக்குதலையும் சித்திரவதையையும் விசாரிப்பதற்கென்றே ஐபிட் என்ற தனி இயக்குநரகம் 2012 முதல் இயங்குகிறது. டர்பனிலும் அதற்கு அலுவலகம் உண்டு. வேலைப்பளு அதிகம், பதில் தாமதமாகத்தான் வரும். புகார் எண்ணைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விசாரணை முடியட்டும் என்று உட்கார்ந்து அந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. ஐபிட் விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும்; வக்கீலை முதல் வாரத்திலேயே பாருங்கள்.