கிரான் டூரிஸ்மோ 7 வாரச் சவால்: ஐந்து ரேஸையும் எப்படி முடிப்பது?

[திரையில்: ரோலிங் ஸ்டார்ட். நம் கார் வரிசையின் கடைசியில். மேப்பில் முதல் கார் வெகுதூரத்தில்.]

வணக்கம். இந்த மேப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் கார் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. முதலிடத்தில் இருக்கிற கார் அதற்குள் இரண்டு திருப்பம் கடந்துவிட்டது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் வீடியோ கேமில் கணினியை எதிர்த்து ஓட்டும் ரேஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒன்றாகக் கிளம்புவதில்லை. நீளமாக இழுத்துவிட்ட ஒரு வரிசையை நாம் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க வேண்டும்.

என் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, எவ்வளவு நல்லா ஓட்டினாலும் அஞ்சாவது இடத்துக்கு மேல போக முடியல, நாலு தடவை ஓட்டிட்டேன்" என்றான். கார் செட்டிங்கை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ரேஸின் வரம்பு 600 பி.பி., அதாவது காரின் திறனுக்கு ஆட்டம் போடுகிற மதிப்பெண். அவன் கார் 541. ஓட்டுவதில் அவனிடம் குறையே இல்லை. கிட்டத்தட்ட 60 புள்ளியைக் கராஜிலேயே விட்டுவிட்டு ரேஸுக்குப் போயிருக்கிறான். இன்றைய வீடியோ அந்த 60 புள்ளியைப் பற்றியது.

முதலில் வாரச் சவால் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆட்டம் 2022 மார்ச் 4 அன்று வெளியானபோது இது கிடையாது. 2023 நவம்பரில் ஸ்பெக் 2 என்ற பெரிய அப்டேட் வந்ததே, அதில்தான் சேர்த்தார்கள். வியாழக்கிழமை தோறும் புதிதாக ஐந்து ரேஸ்கள் வரும். ஒன்றை முடித்தால் ஒரு பரிசு, மூன்றை முடித்தால் இன்னொன்று, ஐந்தையும் முடித்தால் கடைசிப் பரிசு. அது கிரெடிட்டாக, அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசாக இருக்கலாம், குலுக்கலில் பரிசு தரும் ரூலெட் டிக்கெட்டாக இருக்கலாம். ஒவ்வொரு ரேஸுக்கும் வழக்கமாகக் கிடைக்கிற தொகை தனி. ஸ்போர்ட் மோடில் திங்கட்கிழமை மாறுகிற டெய்லி ரேஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே எதிரில் ஓட்டுவது ஆன்லைனில் இருக்கிற மனிதர்கள்.

எனக்கு இந்த ஏற்பாடு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் வந்த புதிதில் எல்லோரும் ஒரே மண் ரேஸைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தோம். ஃபிஷர்மேன்ஸ் ராஞ்ச். பரிசு 65,000 கிரெடிட், இடிக்காமல் ஓட்டினால் 97,500. அதே தடம், அதே கார், இரவு முழுக்க. அந்த மார்ச் மாதமே வந்த ஒரு அப்டேட் சில ரேஸ்களின் பரிசைக் குறைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆட்டத்தை உருவாக்கிய பாலிஃபனி டிஜிட்டலின் தலைவர் கசுனோரி யமாவுச்சி மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் 10 லட்சம் கிரெடிட் வந்தது. ஏப்ரலில் பரிசுகளைக் கூட்டினார்கள். ஆனாலும் அதிகம் காசு தரும் ஒரு ரேஸைக் கண்டுபிடித்து அதிலேயே உட்கார்ந்துவிடும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. வாரச் சவால்தான் என்னை அங்கிருந்து எழுப்பியது. நான் தொடாத கார்களையும் போகாத தடங்களையும் வாரத்துக்கு ஐந்து என்று கையில் கொடுத்தது.

[திரையில்: வாரச் சவால் பக்கம். ஐந்து ரேஸ்களின் விதிமுறைகள்.]

சரி, வேலைக்கு வருவோம். பட்டியல் வந்ததும் முதல் ரேஸை உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். ஐந்தையும் திறந்து விதிமுறைகளைப் படியுங்கள். எத்தனை பி.பி., எந்த டயர், எந்த நாட்டுக் கார், எந்த டிரைவ் (இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரமா, பின்சக்கரமா, நான்குமா), எத்தனை லேப். ஐந்தில் மூன்றுக்குக் கராஜில் ஏற்கெனவே கார் இருக்கும். அவற்றை முதலில் ஓட்டினால் இரண்டு பரிசு கைக்கு வந்துவிடும். அந்தக் காசில் நான்காவது, ஐந்தாவதுக்கு வேண்டிய காரை வாங்கலாம். நேரம் பிடிக்கும் நீள ரேஸ் இருந்தால் விடுமுறை நாளுக்குத் தள்ளிவையுங்கள். இன்னொன்று, இந்த ஆட்டத்தில் சேவ் ஆவதற்கே இணையம் வேண்டும். இணைப்பு விட்டுவிட்டு வருகிற நாளில் நீள ரேஸில் இறங்க வேண்டாம்.

இப்போது பி.பி. பெர்ஃபார்மன்ஸ் பாயின்ட் என்பதன் சுருக்கம் இது. காரின் பவர், எடை, டயர், டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டம் போடுகிற ஒரே மதிப்பெண். வரம்பு 600 என்றால் 600.01-க்குக் கூட அனுமதி கிடையாது. 599.98 தாராளமாகப் போகலாம். நம் வேலை அந்த எண்ணுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவது.

எப்படி நெருங்குவது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ரேஸ் முடிவாவது இங்கேதான். பலர் செய்வது, இன்ஜினுக்குப் பார்ட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டே போய் 600-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவது. அப்படிச் செய்தால் நேர்ச்சாலையில் பறக்கிற, திருப்பத்தில் வழுக்குகிற ஒரு கார் கிடைக்கும். நான் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் விதிமுறை அனுமதிக்கிற நல்ல டயர். டயர் பிடிப்பு கூடினால் பி.பி.யும் கூடும்தான், ஆனால் அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் நமக்கு வேலை செய்யும். அப்புறம் சஸ்பென்ஷனும் பிரேக்கும். கடைசியில்தான் பவர். வரம்பைத் தாண்டும் அளவுக்கு ஏற்றிவிட்டு, இன்ஜின் பவரைக் குறைக்கிற பவர் ரெஸ்ட்ரிக்டர் என்ற பார்ட்டால் கீழே இறக்குகிறேன்.

[திரையில்: பவர் வரைகோடு. ரெஸ்ட்ரிக்டர் 100-இலிருந்து 80-க்கு இறங்குகிறது.]

ஏற்றிவிட்டு ஏன் இறக்க வேண்டும்? இந்தக் கோட்டைப் பாருங்கள். ரெஸ்ட்ரிக்டர் இல்லாதபோது பவர் ஒரு மலை மாதிரி ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குகிறது. அந்த உச்சி ஒரு சின்ன ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) எல்லைக்குள்தான் இருக்கிறது. ரெஸ்ட்ரிக்டரைக் குறைத்தால் உச்சி மட்டும் வெட்டுப்படுகிறது, கீழே இருக்கிற இழுவை அப்படியே நிற்கிறது. மலை இப்போது மேசை மாதிரி ஆகிவிட்டது. அதாவது எந்த ஆர்.பி.எம்.மில் திருப்பத்தை விட்டு வெளியே வந்தாலும் கிட்டத்தட்ட முழு பவரும் கிடைக்கும். கியரைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றினாலும் நஷ்டம் இல்லை. அதே 600 புள்ளிதான், ஆனால் ஓட்டுவதற்கு எவ்வளவோ சுலபமான கார்.

கூடவே பேலஸ்ட், அதாவது காருக்குள் நாமே வைக்கிற எடை. எடை கூடினால் பி.பி. குறையும். எடையை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்றும் நகர்த்தலாம். முன்சக்கர டிரைவ் கார் திருப்பத்தில் திரும்ப மறுத்து வெளியே போகிறதா? பேலஸ்ட்டைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். மூக்கு லேசாகி உள்ளே வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எடைக் குறைப்பு, வைடு பாடி (காரின் உடலை அகலமாக்குவது) மாதிரி சிலவற்றை ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நான் ஒரு காருக்கு எடைக் குறைப்பை அவசரப்பட்டு முழுவதும் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து குறைந்த பி.பி. ரேஸ் ஒன்றுக்கு அதே கார் தேவைப்பட்டது. குறைத்த எடையைப் பேலஸ்ட்டாகத் திரும்ப ஏற்றித்தான் கொண்டுபோனேன். ஓடியது, ஆனால் பழைய சமநிலை இல்லை. அதனால் கழற்றி மாட்டக்கூடிய பார்ட்ஸை முதலில் வாங்குங்கள். ஒரு காருக்கே பல செட்டிங் ஷீட் சேமிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பி.பி. எண்ணையே பெயராக வையுங்கள். 500, 550, 600. சில மாதங்களில் பாதி சவால்களுக்கு கராஜிலேயே விடை இருக்கும்.

[திரையில்: சுசுகி கப்புச்சினோ, சுகுபா சர்க்யூட்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வகை. கே கார் ரேஸ். ஜப்பானில் கே கார் என்று தனி வகுப்பே உண்டு. இன்ஜின் 660 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. கார் கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 64 குதிரைத்திறன்தான் உச்சம். இந்த கப்புச்சினோ 1991-இல் வந்தது, எடை ஏறத்தாழ 700 கிலோ. அதே ஆண்டு வந்த ஹோண்டா பீட்டுக்கு இன்ஜின் நடுவில் இருக்கும், டர்போ கிடையாது, 8,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் பாடும். இவ்வளவு சின்ன கார் என்று இந்த ரேஸைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் முதலில் ஓட்டுவேன். ஏனென்றால் இங்கே பவர் உங்களைக் காப்பாற்றாது. திருப்பத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தை விட்டுவிட்டால், அதைத் திரும்பப் பிடிக்க அடுத்த நேர்ச்சாலை முழுவதும் வேண்டும்.

சுகுபா 2.045 கிலோமீட்டர்தான். இதன் கடைசித் திருப்பம் வலப்பக்கம் நீளமாக வளைந்துகொண்டே போகும். அதை விட்டு வெளியே வருகிற வேகம்தான் முதன்மை நேர்ச்சாலை முழுவதற்கும் நம் கையிருப்பு. அதனால் நுழையும்போது ஆசைப்படாதீர்கள். கொஞ்சம் முன்னாலேயே பிரேக்கைத் தொட்டு, விட்டு, காரை உருளவிட்டு, ஸ்டியரிங் நேராகத் தொடங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். முன்னால் ஒரு கார் இருந்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். காற்றை அது கிழித்துக்கொடுக்கும். 64 குதிரைத்திறனுக்கு அந்த உதவி பெரிய உதவி.

இதை இங்கே பழகினால் 800 பி.பி. காரிலும் கை தானாகவே அப்படிச் செய்யும். என் நேரங்கள் குறையத் தொடங்கியது ஒரு கப்புச்சினோவில்தான்.

சரி, காரைத் தயார் செய்துவிட்டோம். துரத்துவது எப்படி? கணினி ஓட்டுகிற கார்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே பிரேக் பிடிக்கும், திருப்பத்தின் நடுவில் தேவைக்கு மேல் மெதுவாகும். அதனால்தான் பின்னால் போய் இடிக்கிறோம். இடித்தால் என்ன போகும்? கிளீன் ரேஸ் போனஸ். முன்பு சொன்ன மண் ரேஸில் 65,000-க்கும் 97,500-க்கும் இடையிலான அந்தப் பாதிப் பங்கு அதுதான். லேசான உரசலைப் பெரும்பாலும் மன்னித்துவிடும், ஆனால் பலமாக மோதினாலோ சுவரில் சாய்ந்தாலோ போனஸ் போச்சு.

ஆகவே முன்னால் கார் இருக்கும்போது வழக்கத்தைவிட ஒரு கார் நீளம் முன்னாலேயே பிரேக் பிடியுங்கள். அது நடுவில் தயங்கும் நேரத்தில் நீங்கள் வெளிப்பக்கமாக அகலமாக வந்து, அது கிளம்புவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரில் இருப்பீர்கள். நேர்ச்சாலையில் பக்கத்தில் வந்துவிடலாம். முதல் லேப்பிலேயே ஆறு கார்களைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து லேப் ரேஸில் பன்னிரண்டு கார் முன்னால் இருந்தால், லேப்புக்கு இரண்டு மூன்று போதும்.

மழை ரேஸ் வந்தால் டிஸ்ப்ளேயில் ரேடாரைத் திறந்து வையுங்கள். மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டும். தடத்தில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றும் அளவு தெரியும். லேசான ஈரத்துக்கு இன்டர்மீடியட், தண்ணீர் தேங்கினால் ஹெவி வெட். மழை நின்றதும் எல்லோரும் ஓட்டுகிற பாதைதான் முதலில் காயும். இரண்டு டயரையும் ரேஸுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், நடுவில் போய் வாங்க முடியாது. லெ மான் மாதிரி 13.626 கிலோமீட்டர் தடத்தில் டயர் மாற்றுகிற பிட்டுக்குள் நுழைவதைத் தவறவிட்டால், வழுக்குகிற டயரோடு இன்னொரு முழுச் சுற்று. அங்கே நான் ஒருமுறை அப்படி முதலிடத்தை இழந்திருக்கிறேன். அதிலிருந்து, சந்தேகம் வந்தால் அந்த லேப்பிலேயே உள்ளே போய்விடுகிறேன். பெட்ரோல் கவலை இருந்தால் பெட்ரோல் செலவைக் கூட்டிக் குறைக்கிற ஃபியூயல் மேப் செட்டிங். 1 என்றால் முழு பவர், 6 என்றால் முழுச் சிக்கனம். முன்னால் இருக்கிற காரின் காற்று மறைவில் போகும்போது 6-க்கு மாற்றினால் அதிகம் நஷ்டம் தெரியாது.

மண், பனி ரேஸ்களுக்குத் தனி டயர் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கனடாவின் லேக் லூயிஸ் பனித் தடம் ஸ்பெக் 2-வோடுதான் வந்தது. அங்கே நான்கு சக்கர டிரைவ் காரை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரால் காரைத் திருப்புங்கள்.

கடைசியாக கார் வாங்குவது. புதுக் கார் விற்கிற பிராண்ட் சென்ட்ரலில் 2001-க்குப் பிந்தைய கார்கள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவை வேண்டுமென்றால் யூஸ்டு கார் கடை. அங்கே சரக்கு நாள்தோறும் மாறும். வியாழக்கிழமை சவாலைப் பார்த்த பிறகு தேடினால் அந்தக் கார் அன்று இருக்கும் என்று உறுதி கிடையாது. அதனால் விலை குறைந்த பழைய ஜப்பான் கார்களைக் கண்ணில் படும்போதே வாங்கி வையுங்கள்.

[திரையில்: யூஸ்டு கார் கடை. மஞ்சள் ஹோண்டா பீட்.]

இதோ, இன்று ஒரு பீட் நிற்கிறது. என்னிடம் கப்புச்சினோ மட்டும்தான் இருக்கிறது. வாங்கி, ஆயில் மாற்றி, ஒரு செட்டிங் ஷீட்டைத் திறக்கிறேன். டயரிலிருந்து ஆரம்பிப்போம்.