மேசையில் தூங்கும் வேலை

எல்லோருக்கும் வணக்கம்.

அலுவலகத்தில் வேலைத்திறனை உயர்த்துவது எப்படி என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக, இன்னும் சுறுசுறுப்பாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் போய்ச் சேர நாளாகிறது, கணக்குப் பிரிவில் யார் மந்தம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஆளைத் துப்பறியும் வேலை எனக்குப் பிடிக்காது. அன்று காலை வந்த பில்களில் ஒன்றை உருவி, அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினேன். இது உங்கள் மேசைக்கு எப்போது வந்தது, எப்போது கையில் எடுத்தீர்கள், எப்போது அனுப்பினீர்கள், மூன்றை மட்டும் எழுதுங்கள் என்றேன்.

அந்த பில் வெளியே வர 9 வேலை நாள் ஆனது. அதைக் கையில் வைத்து வேலை பார்த்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தோம். 38 நிமிடம்!

மீதி நேரமெல்லாம் பில் என்ன செய்தது? தூங்கியது. மேலாளரின் தட்டில் 3 நாள். அவர் செவ்வாயும் வெள்ளியும்தான் கையெழுத்துப் போடுவார். செவ்வாய் மதியம் அவர் பேனாவை மூடியபிறகு இது போய்ச் சேர்ந்திருக்கிறது. கொள்முதல் ஆணை எண் இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி வந்ததில் 4 நாள். அந்த எண்ணை எழுதப் பத்து விநாடி போதும். ஏன் எழுதவில்லை என்று படிவத்தை வாங்கிப் பார்த்தால், அதற்குக் கட்டமே இல்லை. விவரம் தெரிந்த பழைய ஆட்கள் ஓரத்தில் எழுதிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சொல்லுங்கள், இதில் யாரை மந்தம் என்பது?

வேலை செய்வதில் போன நேரம் கொஞ்சம்தான். காத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். அந்த 38 நிமிடத்தை ஆட்களை விரட்டி 30 ஆக்கியிருந்தாலும், 9 நாள் அப்படியே 9 நாளாகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961இல் அதை நிரூபித்துக் காட்டினார். தேங்கிக் கிடக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் முடிந்து போகும் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 60 காகிதம் கிடக்கிறது, நாளுக்கு 10 முடிகிறது என்றால், ஒன்று உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக 6 நாள். இதற்கு யார் தோளுக்குப் பின்னாலும் போய் நிற்க வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஐந்து வேலை பாதியில் கிடக்கும்போது ஆறாவதைத் தொடங்குகிறோம். "ஆரம்பிச்சுட்டோம் சார்" என்று சொல்வதில் ஒரு நிம்மதி.

அடுத்த கணக்கு முதலாளிகளுக்குப் பிடிக்காது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது இந்த வரிசைக் கணக்கு. ஒரே ஒரு ஊழியர், சராசரியாக 10 நிமிடம் பிடிக்கும் வேலைகள் அவரிடம் முன்னும் பின்னுமாக வருகின்றன, ஒன்று சட்டென்று முடியும், ஒன்று இழுக்கும். அவர் நேரத்தில் 80 சதவீதம் வேலையால் நிரம்பியிருந்தால், வருகிற வேலை சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 ஆனால் 190 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல்! அவரது ஓய்வை 20 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினோம்; காத்திருப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஏறிவிட்டது. எல்லாம் ஒரே சீராக வந்தால் இந்தத் தொல்லை இல்லை. எந்த அலுவலகத்தில் ஐயா சீராக வருகிறது? கொஞ்ச நேரம் கை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், அந்தத் திரும்பிப் போன 4 நாள். ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில் ஒரு சூட்சுமம் இருந்தது. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும், பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. அந்தக் குடும்பம் பின்னாளில் தொடங்கிய கார் தொழிற்சாலைகளில் இதே யோசனை ஒரு கயிறாக வந்தது. கோளாறு கண்ணில் பட்டால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். அவராலும் உடனே தீர்க்க முடியாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவரை ஒரே ஒருமுறை திட்டிப் பாருங்கள், அப்புறம் அந்தக் கயிறு சும்மா தொங்கும். கணக்குப் பிரிவில் எண் இல்லாத பில்களைத் திருப்பி அனுப்பியவரிடம், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே. யாரும் கேட்டதில்லை" என்றார். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கயிறு எதுவும் இல்லை.

தாமதத்தைப் போக்க அந்த நிறுவனம் புது மென்பொருள் வாங்கும் யோசனையில் இருந்தது. முதலில் படிவத்தைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கட்டமில்லாத காகிதம் கட்டமில்லாத திரையாக மாறும், அவ்வளவுதான் என்றேன். கட்டம் ஒன்று சேர்த்தார்கள். மேலாளர் கொஞ்சம் முனகிவிட்டு, தினமும் காலையில் அரை மணி நேரம் கையெழுத்துக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார். சிறிய தொகைகளுக்கு உங்கள் கையெழுத்தே வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தேன். அது மட்டும் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு பில்லில் சீட்டு ஒட்டினோம். 3 நாள். அதில் ஒன்றரை நாள் அதே மேலாளரின் தட்டில். அவர் வெளியூர் போயிருந்தார். சீட்டை வாங்கிப் படித்தவர் ஒன்றும் பேசவில்லை. தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதைச் செருகி வைத்துக்கொண்டார்.