வெந்நீரை ஆறவைக்காமல் திருப்பி அனுப்பினால் கூடுதல் கட்டணம்: கோபன்ஹேகன் தெருக்களுக்கு அடியில் ஓடும் கணக்கு

[காட்சி: பச்சை நிறச் சரிவொன்றில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒருவர் இறங்கி வருகிறார். அவருக்குப் பின்னால் ஒரு புகைபோக்கி.]

இந்தச் சரிவில் பனி கிடையாது. இது மலையும் கிடையாது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் சுமார் 85 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரு குப்பை எரிக்கும் ஆலையின் கூரைதான் இது. அமாகர் பாக்கே என்ற இந்த ஆலை 2017இல் இயங்கத் தொடங்கியது. கூரையிலுள்ள சறுக்குத்தளம் 2019இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தக் கூரையைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. நாம் இன்று பார்க்கப்போவது, இதே ஆலையிலிருந்து தரைக்கு அடியில் நகரத்தை நோக்கிச் செல்லும் குழாய்களை. அவை எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் செல்லும். ஒன்று சூடான நீரைக் கொண்டுபோகிறது. மற்றொன்று வேலை முடித்து ஆறிய நீரைத் திரும்பக் கொண்டுவருகிறது. அந்தத் திரும்பும் நீர் எவ்வளவு ஆறியிருக்கிறது என்ற ஒற்றை எண்ணைச் சுற்றித்தான் ஒரு நகரத்தின் வெப்பத் திட்டம் முழுவதும் அமைகிறது என்பதை இந்தக் காணொளி முடிவதற்குள் உங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை.

வணக்கம். முன்கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நெருக்கமான ஒரு குளிர்நாட்டு நகரத்தில் வீட்டுக்கு வீடு தனிக் கொதிகலன் வைப்பதற்குப் பதிலாக, ஓரிரு பெரிய இடங்களில் நீரைச் சூடாக்கிக் குழாய்வழியே எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்புவதே நகர வெப்ப வலையமைப்பு. கோபன்ஹேகனால் நான்கு பக்கமும் சூழப்பட்ட ஃபிரடெரிக்ஸ்பெர்க் என்ற தனி நகராட்சியில், குப்பை கொட்ட இடமில்லாத நிலையில், 1903இல் ஒரு குப்பை எரிக்கும் ஆலை கட்டப்பட்டது. அதன் வெப்பம் அருகிலிருந்த மருத்துவமனைக்கும் குழந்தைகள் இல்லத்துக்கும் வறியோர் இல்லத்துக்கும் போனது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, டென்மார்க் தன் எரிசக்தியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இறக்குமதி எண்ணெயிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை இறுகியது. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. இன்று கோபன்ஹேகனின் வெப்பத் தேவையில் சுமார் 98 விழுக்காடு இந்த வலையமைப்பிலிருந்து கிடைக்கிறது.

அந்த 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. எந்த ஆலையையும் கட்டச் சொல்லி அது தொடங்கவில்லை. ஒவ்வொரு நகராட்சியும் முதலில் தன் எல்லைக்குள் எந்தத் தெருவில் எவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது, அது இப்போது எதிலிருந்து கிடைக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும் என்றது. கணக்கெடுப்பு முடிந்தபின், இந்தப் பகுதிக்கு வெந்நீர்க் குழாய், அந்தப் பகுதிக்கு இயற்கை எரிவாயு என்று எல்லை வகுக்கப்பட்டது. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய்களைப் பதித்து, வாடிக்கையாளரைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு, இரண்டுமே நட்டப்படும் நிலையை இது தடுத்தது. வெப்பம் விற்பதில் இலாபம் பார்க்கக்கூடாது, உண்மையான செலவை மட்டுமே வசூலிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்ததால், குடிமக்களுக்கு நம்பிக்கை வந்தது. தொழில்நுட்பத்தைவிட இந்த விதிதான் டென்மார்க்கைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்; மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் தருகிறேன்.

[காட்சி: நகர வரைபடம். அடுக்குமாடித் தெருக்கள் அடர்சிவப்பில், தனி வீட்டுப் பகுதிகள் வெளிர்மஞ்சளில்.]

நெருக்கமான நகரம் ஏன் இதற்குப் பொருந்துகிறது? குழாயின் ஒவ்வொரு மீட்டரும் மண்ணுக்குள் கொஞ்சம் வெப்பத்தை இழக்கிறது. ஒவ்வொரு மீட்டரைப் பதிக்கவும் பணம் செலவாகிறது. ஆறு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருவில் 100 மீட்டர் குழாய் பல நூறு வீடுகளைச் சூடாக்கும். தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் உள்ள தெருவில் அதே 100 மீட்டர் பத்து வீடுகளோடு நின்றுவிடும். இழப்பும் செலவும் ஏறக்குறைய அதேதான், ஆனால் பங்கிட்டுக்கொள்ள ஆள் இல்லை. எனவே திட்டமிடுபவர் முதலில் பார்ப்பது, ஒரு மீட்டர் குழாய்க்கு ஆண்டுக்கு எத்தனை மெகாவாட் மணி வெப்பம் விற்கும் என்ற கணக்கைத்தான்.

அடுத்தது, குழாய் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஒரு வீட்டில் ஒருவர் குளிக்கும்போது, குழாயில் வரும் நீரை அந்தக் கணமே சூடாக்கச் சுமார் 30 கிலோவாட் திறன் தேவைப்படும். 1000 வீடுகளுக்கு 30,000 கிலோவாட் என்று பெருக்கிக் குழாய் போட்டால் ஊரே திவாலாகிவிடும். 1000 பேரை அழைத்த கல்யாணத்தில் 1000 இலையையும் ஒரே நேரத்தில் போடுவதில்லையே; பந்தி பந்தியாகத்தான் விருந்து நடக்கிறது. அதுபோல ஊரார் அனைவரும் ஒரே நிமிடத்தில் குளிப்பதில்லை என்பதால், வீடுகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒரு வீட்டுக்கு ஒதுக்க வேண்டிய திறன் பல மடங்கு குறைகிறது. நெருக்கமான நகரத்துக்கு இயல்பாகவே கிடைக்கும் சலுகை இது.

[காட்சி: குறுக்காக வெட்டப்பட்ட ஒரு குழாய், மேசைமேல். ஒளிப்படக் கருவி அருகே நெருங்குகிறது.]

இந்தக் குழாயின் வெட்டுமுகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நடுவில் எஃகுக் குழாய். அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் நிறத்தில் பாலியூரிதேன் நுரை. அதற்கு வெளியே கறுப்புப் பாலித்தீன் உறை. நுரைக்குள் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளின் முனைகள் தெரிகின்றன அல்லவா? அவை மின்சாரம் கொண்டுபோவதற்காக அல்ல. எங்கேனும் கசிவு ஏற்பட்டு நுரை ஈரமானால், கம்பிக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள மின்தடை குறையும். கம்பி வழியே ஒரு துடிப்பை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை அளந்தால், தெருவின் எந்த இடத்தில் ஈரம் என்று தோண்டாமலேயே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மெட்ரோ, கழிவுநீர், மின்வடம், தொலைத்தொடர்பு என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒரு தெருவின் அடிவயிற்றில் இந்த இரண்டு கம்பிகள் செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று: 10 டிகிரியில் பதிக்கப்பட்ட 100 மீட்டர் எஃகுக் குழாய் 90 டிகிரிக்குச் சூடாகும்போது, தடையில்லாமல் விட்டால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளும், அதாவது ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. நேர்க்கோட்டில் இருக்கும் பகுதியை மண்ணின் பிடிப்பு அடக்கி வைக்கிறது. வளைவுகளில் குழாய் நகர இடம் விட்டு மெத்தை போன்ற பட்டைகளை வைக்கிறார்கள். தெருவில் இடமே இல்லாத நிலையில், கோபன்ஹேகன் தன் துறைமுகத்துக்கு அடியில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வெப்பக் குழாய்களுக்கென்றே ஒரு சுரங்கத்தையும் குடைந்திருக்கிறது.

[காட்சி: கட்டடத்தின் நிலவறை. சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்து நான்கு குழாய்கள்.]

இப்போது நாம் வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு தகட்டு வெப்பமாற்றி. தெருவிலிருந்து வரும் வெந்நீர் மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒரு பக்கத்தில் ஓடுகிறது. கட்டடத்துக்குள் சுற்றும் நீர் மறுபக்கத்தில் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டுமே கைமாறுகிறது. பக்கத்திலிருக்கும் மீட்டர் மூன்றை அளக்கிறது: எவ்வளவு நீர் வந்தது, எந்தச் சூட்டில் வந்தது, எந்தச் சூட்டில் திரும்பியது.

ஒரு கன மீட்டர் நீர் ஒரு டிகிரி ஆறும்போது சுமார் 1.16 கிலோவாட் மணி வெப்பத்தை இறக்கிவைக்கிறது. மணிக்கு 10 கன மீட்டர் நீர் 80 டிகிரியில் வந்து 40 டிகிரியில் திரும்பினால், கட்டடத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 464 கிலோவாட். அதே நீர் 60 டிகிரியில் திரும்பினால் 232 கிலோவாட்தான். கட்டடத்துக்கு 464 கிலோவாட் தேவையென்றால், இப்போது மணிக்கு 20 கன மீட்டர் அனுப்பியாக வேண்டும். ஒரே குழாயில் நீரோட்டம் இரட்டிப்பானால், உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பம்புக்குத் தேவையான திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகும். தயவுசெய்து இந்த இடத்தில் காணொளியை நிறுத்தி, அந்த எட்டு மடங்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். கட்டடத்தில் குளிர் கூடவில்லை, மக்கள் கூடவில்லை. நீர் 20 டிகிரி கூடுதல் சூட்டோடு திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

இழப்பு அங்கேயும் நிற்பதில்லை. குப்பை எரியும்போது வெளியேறும் புகையில் நிறைய நீராவி இருக்கிறது. போதிய அளவு ஆறிய நீர் ஆலைக்குத் திரும்பி வந்தால், அந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்கி, அதில் ஒளிந்திருக்கும் வெப்பத்தையும் மீட்டுவிடலாம். திரும்பும் நீர் சூடாக இருந்தால் அந்த ஆவி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். கடல்நீரிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ வெப்பத்தை எடுத்து, மின்சாரத்தின் உதவியால் அதைக் கூடுதல் சூட்டுக்கு உயர்த்தித் தரும் வெப்பப் பம்புக்கும் இதே கதைதான்: நீர் எவ்வளவு ஆறி வருகிறதோ, அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அது வேலையை முடிக்கும். இதனால்தான் கோபன்ஹேகன் உட்படப் பல டேனிஷ் நகரங்களில், நீரை நன்றாக ஆறவைத்துத் திருப்பும் கட்டடத்துக்குக் கட்டணத்தில் சலுகையும், சூடாகத் திருப்பும் கட்டடத்துக்குக் கூடுதல் கட்டணமும் வைத்திருக்கிறார்கள்.

நீர் ஏன் சூடாகத் திரும்புகிறது? பெரும்பாலும் அற்பக் காரணங்கள்தான். ஒரு வீட்டில், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு சிக்கிக்கொண்டு திறந்தபடியே இருக்கும். நீர் நிற்க நேரமில்லாமல், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் பாய்ந்து வெளியேறிவிடும். அல்லது, அறையில் இரண்டு ரேடியேட்டர் இருக்க, சிக்கனம் என்று எண்ணி ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை முழுவதுமாகத் திறந்திருப்பார்கள். இரண்டையும் மெலிதாகத் திறந்து வைப்பதே சரி என்று டென்மார்க்கில் அறிவுறுத்துகிறார்கள். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் வாழும் நம்மவர்கள் இதை இன்றே சோதிக்கலாம். நீங்கள் ஹீட்டர் என்று சொல்லும் அந்த ரேடியேட்டரின் மேற்பகுதியில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அது ஆறியிருந்தால் பழுதென்று நினைத்து யாரையும் அழைக்க வேண்டாம். நீர் தன் வெப்பத்தை உங்கள் அறைக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது என்று பொருள்.

[காட்சி: மன்ஹாட்டன் தெரு. ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த குழலிலிருந்து எழும் ஆவி.]

திரும்பும் குழாயே இல்லாத நகரம் உண்டா? உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1882இலிருந்து நீராவி விற்கப்படுகிறது. வேலை முடித்து ஆவி குளிர்ந்து உண்டாகும் நீர் பெரும்பாலும் ஆலைக்குத் திரும்புவதில்லை, கழிவுநீரோடு போய்விடுகிறது. 2007இல் வெடித்து ஓர் உயிரைப் பறித்த நீராவிக் குழாய் 1924இல் பதிக்கப்பட்டது. தெருவில் ஒருமுறை பதித்த குழாய் எத்தனை தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும் என்பதைத் திட்டமிடுபவர்கள் மறக்கவே கூடாது என்று சொல்வதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். கோபன்ஹேகனிலும் நீராவிக் குழாய்கள் இருந்தன. அவற்றைத் தெருத் தெருவாகப் பெயர்த்து வெந்நீர்க் குழாய்களாக மாற்றிவிட்டார்கள்.

[காட்சி: லண்டன், இஸ்லிங்டன். சாலையோரம் ஒரு கட்டடம். அதற்குள் பெரிய மின்விசிறி.]

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. சிட்டி ரோடு என்ற சுரங்க ரயில் நிலையம் 1922இல் மூடப்பட்டது. ஆனால் அந்தச் சுரங்கத்தில் ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. அவை பிரேக் போடும் வெப்பத்தை நூறாண்டுக்கும் மேலாகச் சுற்றியுள்ள களிமண் குடித்துக் குடித்து வெதுவெதுப்பாகிவிட்டது. இஸ்லிங்டன் நகராட்சி அந்தப் பழைய நிலையத்தின் காற்றுக் கிணற்றில் ஒரு பெரிய மின்விசிறியை அமைத்து, வெதுவெதுப்பான காற்றை மேலே இழுத்து, வெப்பப் பம்பு மூலம் அதன் வெப்பத்தை எடுத்து, பன்ஹில் என்ற தன் வலையமைப்புக்கு 2020இலிருந்து அனுப்பிவருகிறது. கோடையில் அதே விசிறியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிச் சுரங்கத்துக்குள் குளிர்ந்த காற்றை அனுப்பவும் முடியும்.

வெப்பம் வேண்டாத ஊர்களிலும் இந்தக் கணக்கு உண்டு. குஜராத்தின் காந்திநகரிலுள்ள கிஃப்ட் சிட்டி என்ற வணிக வட்டாரத்தில் ஒரே இடத்தில் குளிர்வித்த நீரைக் குழாய்வழியே பல கட்டடங்களின் ஏசிக்கு அனுப்புகிறார்கள். அங்கே எல்லாம் தலைகீழ்: நீர் குளிராகப் போக வேண்டும், நன்றாகச் சூடேறித் திரும்ப வேண்டும்.

இந்த வலையமைப்பு உள்ள ஊர்களில் நீங்கள் இருந்தால், உங்கள் கட்டடத்தின் நிலவறை மீட்டரில் தெரியும் இரண்டு வெப்பநிலைகளையும் ஊர் பெயரோடு கீழே பதிவிடுங்கள். அடுத்த காணொளியில் அந்த எண்களை வைத்து ஒவ்வொரு கட்டடமும் எப்படி நடக்கிறது என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம். சேனலுக்குப் புதியவர்கள் சந்தா செய்துகொள்ளுங்கள். நன்றி.