டல்லஸில் ஜெயித்தது யார், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எங்களுக்கு முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட ஆச்சிமார்களே, பின்னால் நின்றபடி செல்போனில் ஸ்கோர் பார்க்கும் தம்பிமார்களே, வணக்கம். கம்பனை விட்டுவிட்டு கிரிக்கெட்டைத் தலைப்பாக வைத்தால் காரைக்குடியில் கூட்டம் வருமா என்று விழாக் குழுவினர் பயந்தார்களாம். வந்திருக்கிறது. சிலர் சுண்டலுக்காக வந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

கிரிக்கெட் பழக்கமே இல்லாத நாட்டில் தேசிய அணி வளர்வது குடியேறி வந்தவர்களாலா, அந்த மண்ணின் பிள்ளைகளாலா என்பது கேள்வி. நான் மண்ணின் பிள்ளைகள் கட்சி.

எதிரணித் தலைவர் அண்ணன் 2024 ஜூன் 6 என்று தேதியோடு தொடங்கினார். டல்லஸில் அமெரிக்கா பாகிஸ்தானை, ஸ்கோர் சமமானதும் வெற்றியை முடிவு செய்ய வைக்கும் சூப்பர் ஓவரில் வீழ்த்தியது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் மும்பையில் பிறந்தவர், ஆரக்கிள் நிறுவனத்து என்ஜினீயர். எல்லாம் சரி. ஆனால் அது ஒரு மேட்ச் ஜெயித்த கதை. நேத்ராவல்கர் 2010இல் இந்தியாவுக்காகவே 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை ஆடியவர். அவருக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தது மும்பை மைதானம். வளர்த்தது ஓர் ஊர், பெயர் வாங்கியது இன்னோர் ஊர். இதில் அமெரிக்கா எதை வளர்த்தது, அண்ணே?

அடுத்து அண்ணன் நம் ஊருக்கே வந்துவிட்டார். நகரத்தார் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனார்கள், போன இடத்திலெல்லாம் லேவாதேவிக் கடையும் தண்டாயுதபாணி கோயிலும் எழுந்தன, கிரிக்கெட்டும் அப்படித்தான் என்றார். செட்டிநாட்டு மேடையில் இதைச் சொன்னால் கைதட்டாமல் இருக்க முடியுமா? நானும் தட்டினேன். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று நம்மவர்கள் ஊர் திரும்பினார்கள். 1948இல் நிலத்தை எடுத்துக்கொள்ள பர்மா அரசு சட்டம் போட்டது. கடை என்ன ஆயிற்று? கடையை நடத்தும் மேலாள், அவருக்குத் துணையான அடுத்தாள், தொழில் பழகும் பெட்டியடிப் பையன் வரை இங்கிருந்து போனவர்கள்தான். பர்மாக்காரர் வீட்டுப் பிள்ளை பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆள் திரும்பினார், கடையும் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரு நாட்டில் மூன்று வருடம் குடியிருந்தால் அந்த நாட்டுக்காக ஆடலாம் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யின் விதி இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, என்பது மூன்று வருடம்தான்!

சரி, கிரிக்கெட்டுக்கே வருகிறேன். 1996 உலகக் கோப்பைக்கு ஐக்கிய அரபு அமீரகம் வந்தது. கேப்டன் சுல்தான் ஜர்வானி அமீரகத்துக்காரர். மற்றவர்கள் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். ஜர்வானி தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்டின் வேகத்துக்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல், வெயில் தொப்பியோடு நின்று முதல் பந்திலேயே தலையில் அடி வாங்கினார். தைரியம் என்பதா, வேறு பெயர் வைப்பதா, நடுவர் முடிவு செய்யட்டும். அந்த அணி அடுத்த ஐம்பது ஓவர் உலகக் கோப்பைக்குள் நுழைய 2015 ஆயிற்று.

இதைவிடப் பெரிய சாட்சி அர்ஜென்டினா. சிரிக்காதீர்கள் தம்பி, மெஸ்ஸியின் அர்ஜென்டினாவேதான். ரயில் பாதை போடவும் வியாபாரத்துக்கும் போன ஆங்கிலேயர்கள் அங்கே கால்பந்தையும் கொண்டுபோனார்கள், கிரிக்கெட்டையும் கொண்டுபோனார்கள். 1912இல் லண்டனின் பெரிய கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி. அணி புவனோஸ் ஐரிஸுக்குப் போனபோது முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா அதைத் தோற்கடித்தது! தொடரை எம்.சி.சி. 2-1 என்று தட்டிக்கொண்டு வந்தாலும், அன்றைக்கு அர்ஜென்டினா சாதாரண அணி இல்லை. ஆனால் ஆடியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயக் குடும்பத்தார், ஆடிய இடம் அவர்களுடைய கிளப். கால்பந்து கிளப் வேலியைத் தாண்டித் தெருப் பிள்ளைகளிடம் போய்விட்டது. கிரிக்கெட் வேலிக்குள்ளேயே இருந்தது. கொண்டுபோனது ஒரே கை, நடுவர் அவர்களே. பலன் ஏன் இரண்டாகிப் போனது? எதிரணி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

"ஆப்கானிஸ்தான்காரர்கள் கற்றதே பாகிஸ்தானில்தானே" என்று அங்கே முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், பெஷாவர் பக்கத்து அகதி முகாம்களில்தான் கற்றார்கள். கற்ற இடம் எதுவானாலும் ஆடியது ஆப்கான் பிள்ளைகள், திரும்பி வந்து அடுத்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்களே. 2008இல் ஜெர்சி தீவில் உலக கிரிக்கெட் லீக்கின் ஐந்தாம் டிவிஷன் ஆடிய அணி 2017இல் டெஸ்ட் அந்தஸ்து வாங்கியது. 2023 அக்டோபரில் நம் சேப்பாக்கத்தில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக 283 ரன் இலக்கை இரண்டே விக்கெட் இழந்து எட்டியது. அன்றைக்கு மூன்று விக்கெட் எடுத்த பையன் நூர் அகமது. இப்போது மஞ்சள் சட்டையில் பார்த்து விசில் அடிக்கிறீர்களே, அவரேதான். 2024இல் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி டி20 உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனார்கள்.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாலிபான் ஆட்சிக்குத் திரும்பிய 2021க்குப் பிறகு அங்கே பெண்களுக்கு ஆட்டம் இல்லை. வீராங்கனைகள் பலர் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்ட நாட்டை முழு உதாரணமாக வைக்க எனக்கு மனமில்லை.

அதனால் தாய்லாந்துக்கு வாருங்கள். கால்பந்தும் முவே தாய் குத்துச்சண்டையும் கொடிகட்டிப் பறக்கும் நாடு. அங்கே பெண்கள் அணிக்கு ஆள் தேடியவர்கள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடவில்லை. பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்த தாய்லாந்துப் பெண்களையே பிடித்தார்கள். பந்தைப் பிடிக்கவும் எறியவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட் பிடிக்கத்தான் புதிதாகப் பழகினார்கள். 2018, 2019இல் தொடர்ந்து 17 டி20 ஆட்டங்களை ஜெயித்தார்கள். 2020இல் ஆஸ்திரேலியாவில் நடந்த டி20 உலகக் கோப்பைக்கே போனார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக 150 ரன் எடுத்துவிட்டு உட்கார்ந்தால் மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்தது. போகட்டும் என்று விட்டார்களா? 2022இல் சில்ஹெட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் அதே பாகிஸ்தானைத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனார்கள். அப்போதைய பயிற்சியாளர் ஹர்ஷல் பாதக் இந்தியர்தானே என்று அண்ணன் எழுந்திருப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம். வாத்தியார் எந்த ஊரிலிருந்தும் வரலாம். வகுப்பில் உட்கார உள்ளூர்ப் பிள்ளை வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். கென்யாவைக் காட்டி எதிரணி மடக்கப் பார்க்கும். 2003இல் உலகக் கோப்பை அரையிறுதி ஆடிய நாடு, 2014இல் சர்வதேச ஒருநாள் ஆட்ட அந்தஸ்தையே இழந்தது, அங்கே ஆடியவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்தானே என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வரிசையை வளர்க்காமல் கிரிக்கெட் வாரியம் தனக்குள் சண்டை போட்டதால் வந்த வினை அது. கென்யா எங்கள் பக்கத்துச் சாட்சி. அதை எங்கள் அணித் தங்கை விவரமாகச் சொல்வார், நேபாளத்தையும் அவருக்கே விட்டுவிடுகிறேன். நன்றி, வணக்கம்.