புதிதாகப் பூத்த பூ யாருக்குச் சொந்தம்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த நிகழ்ச்சியில் பேச அழைத்த வானொலி நண்பர்களுக்கு நன்றி.

சிங்கப்பூரின் தேக்காவில் மாலை கட்டும் கடைகளைக் கடந்து போகாத தமிழர் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். மல்லிகை, செவ்வந்தி, ரோஜாவோடு ஊதாவும் வெள்ளையுமான ஆர்க்கிட் பூவையும் அங்கே சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கல்யாண மாலையிலும் சாமி மாலையிலும் அது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் தாய்லாந்துத் தோட்டங்களிலிருந்து வரும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை அது. காட்டில் தானாகப் பூத்த பூ இல்லை. யாரோ ஒருவர் இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, வருடக்கணக்கில் காத்திருந்து, முளைத்து வந்த நூற்றுக்கணக்கான செடிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளியதால் நமக்குக் கிடைத்தது.

அந்த உழைப்பைப் பற்றியும், அது யாருக்குச் சொந்தம் என்று சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதைப் பற்றியும் இன்று பேசுகிறேன். நானும் ஆர்க்கிட் கலப்பு செய்கிறவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

நம் தேசிய மலரிலிருந்தே தொடங்கலாம். 1893இல் அக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி, தன் தோட்டத்தில் பூத்த ஒரு புதிய ஆர்க்கிட்டைப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, எடுத்துப் போனார். அப்போது பூமலையின் இயக்குநராக இருந்தவர் ஹென்றி ரிட்லி. வாண்டா ஹூக்கரியானா, வாண்டா டெரஸ் என்ற இரண்டு ஆர்க்கிட்டுகளையும் கலந்து அக்னஸ் இதை உருவாக்கியதாக ரிட்லி எழுதி, அவர் பெயரையே பூவுக்கும் வைத்தார். அதுதான் வாண்டா மிஸ் ஜோக்கிம். 1899இல் இங்கே நடந்த மலர்க் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அக்னஸ் காலமானார். 1981 ஏப்ரல் 15 அன்று அது தேசிய மலரானது.

அதற்குள் அந்தப் பூ எங்கெங்கோ போய்விட்டது. தண்டை வெட்டி நட்டாலே வளரும் செடி அது. ஹவாயில் ஏக்கர் கணக்கில் வளர்த்து மாலை கட்டினார்கள், விருந்தினருக்குக் கொடுத்தார்கள், விமானத்தில் ஏற்றி அமெரிக்கப் பெருநிலத்துக்கு விற்றார்கள். விற்றவர்கள்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு பூவை உருவாக்கியவருக்கு அதன்மேல் உரிமை உண்டு என்று சொல்லும் சட்டம் 1893இல் உலகில் எந்த நாட்டிலும் இருக்கவில்லை.

அக்னஸ் விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. அது நீதிமன்ற வழக்கு இல்லை. அவர் கலப்பு செய்யவே இல்லை, வண்டோ தேனீயோ செய்த கலப்பைத் தோட்டத்தில் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். ரிட்லி எழுதி வைத்தது கண்முன் இருந்தும் அந்தப் பேச்சு பல பத்தாண்டுகள் ஓடியது. 2016இல்தான் அதை உருவாக்கியவர் அக்னஸ் என்று இங்கே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. இன்றைய சட்டப்படி பார்த்தால் அந்த விவாதமே தேவையில்லை. ஒரு ரகத்தை "உருவாக்கியவர்" என்றால், கலந்து பெற்றவர் மட்டுமில்லை. கண்டெடுத்து, அதை வளர்த்து, பெருக்கி, ஒரு ரகமாக நிலைநிறுத்தியவரும்தான். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அக்னஸ் உரியவரே. வெறுமனே பார்த்தது போதாது, வளர்த்தெடுத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சரி, கலப்பு எப்படி நடக்கிறது? டென்ட்ரோபியம் பூவின் நடுவில் சின்னத் தூண் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு தொப்பி. பல்குத்தும் குச்சியால் அந்தத் தொப்பியைக் கீழிருந்து மெல்லத் தள்ளினால், மஞ்சளாக, மெழுகு மாதிரி கெட்டியான மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். செம்பருத்தி மாதிரி தூளாகக் கொட்டாது. தாயாக இருக்கப்போகிற பூவில், அதே தூணின் அடிப்பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும், பசை போலப் பிசுபிசுக்கும். உருண்டையை அதில் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. உடனே காம்பில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். தாயின் பெயர் முதலில், மகரந்தம் தந்ததின் பெயர் அடுத்து, அப்புறம் தேதி. சீட்டுக் கட்ட மறந்தால் அந்தக் காயால் யாருக்கும் பயன் இல்லை.

ஓரிரு நாளில் பூ வாடித் தொங்கும். கலப்புப் பிடித்திருந்தால் காம்பு பச்சையாகத் தடிக்கத் தொடங்கும். காய் முற்ற மாதக்கணக்காகும். உடைத்துப் பார்த்தால் உள்ளே மாவுத்தூள் மாதிரி விதை, ஒரே காயில் லட்சக்கணக்கில். அத்தனை விதை இருந்தும் ஆர்க்கிட் காடாக முளைப்பதில்லை. நெல்லிலும் அவரையிலும் இருப்பது போல் அந்த விதைக்குள் சாப்பாடு சேமித்து வைக்கப்படவில்லை. ஒருவகைப் பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தக் காலத்தில் தாய்ச்செடியின் வேரடியில் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் என்பவர், சர்க்கரையும் உப்புச்சத்தும் கலந்த கடற்பாசிக் கூழில் பூஞ்சணம் இல்லாமலேயே விதையை முளைக்கவைத்துக் காட்டினார். பூமலையின் இயக்குநர் எரிக் ஹோல்ட்டம் அந்த முறையை இங்கே கொண்டுவந்து, 1928இல் ஆர்க்கிட் கலப்புத் திட்டத்தைத் தொடங்கினார். கண்ணாடிக் குடுவைகளில் வளர்ந்து, 1931இல் முதலில் பூத்தது ஸ்பாதோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ். இந்த வட்டாரத்தின் ஆர்க்கிட் தொழிலே அந்தக் குடுவைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சொல்வேன்.

குடுவையிலிருந்து தொட்டிக்கு வந்து, முதல் பூ பார்க்க இன்னும் சில வருடங்கள். அப்போதுதான் உண்மையான வேலை. ஒரே காயில் பிறந்த செடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் நிறம் நன்றாக இருக்கும், பூ ரெண்டே நாளில் உதிரும். இன்னொன்று மாதக்கணக்கில் நிற்கும், பார்க்க மங்கலாக இருக்கும். நம் மழையையும் வெயிலையும் தாங்க வேண்டும், காம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும், அடிக்கடி பூக்க வேண்டும். இத்தனையும் ஒரே செடியில் அமைவது அபூர்வம். அமைந்த ஒன்றுக்காக மற்றவற்றைக் கழித்துவிடுகிறோம்.

இப்போது சொத்து என்கிற கேள்விக்கு வருகிறேன். பலர் நினைப்பது போல, பெயர் வைத்துப் பதிவு செய்வது வேறு, உரிமை பெறுவது வேறு. ஆர்க்கிட் கலப்பினங்களின் உலகப் பதிவேட்டை லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் பராமரிக்கிறது. 1956இல் அன்றைய ஆளுநரின் மனைவி பெயரில் அரன்தெரா ஆன் பிளாக் என்று தொடங்கிய பூமலையின் பிரமுகர் ஆர்க்கிட்டுகளும் அந்தப் பதிவேட்டின் வழியில்தான் பெயர் பெறுகின்றன. மார்கரெட் தாட்சர், நெல்சன் மண்டேலா பெயர்களில் பூக்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பதிவு யாருக்கும் விற்பனை உரிமை தருவதில்லை. நாளைக்கு நீங்கள் அதே தாயையும் தந்தையையும் சேர்த்தால், உங்கள் செடிக்கும் அதே பெயர்தான். அது பிறப்புச் சான்றிதழ், நிலப்பட்டா இல்லை.

உரிமை தருகிற சட்டம் முதலில் வந்தது அமெரிக்காவில், 1930இல். அடுத்த ஆண்டு முதல் தாவரக் காப்புரிமை "நியூ டான்" என்ற கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது. வான் ஃபிளீட் என்ற மருத்துவர் உருவாக்கிய இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று இருந்தது. வருடத்தில் ஒருமுறைதான் பூக்கும். அந்த ரோஜாவில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றம், கோடை முழுக்கப் பூத்தது. அதைக் கவனித்துப் பெருக்கிய ஹென்றி போசன்பர்க் என்ற தோட்டக்காரருக்குக் காப்புரிமை போனது. வான் ஃபிளீட் 1922இலேயே இறந்துவிட்டார். போசன்பர்க் கூர்மையான கண் உள்ளவர், சந்தேகமில்லை. ஆனாலும் அடிப்படை ரோஜாவைப் பாடுபட்டு உண்டாக்கியவர் கணக்கிலேயே வரவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

1961 டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உபோவ் (UPOV) என்ற பன்னாட்டு உடன்படிக்கை, தாவர ரகங்களுக்கென்றே தனி உரிமை முறையைக் கொண்டுவந்தது. 1991இல் திருத்தியபோது, வான் ஃபிளீட் போன்றவர்களுக்கும் வழி செய்தார்கள். பாதுகாக்கப்பட்ட ரகத்திலிருந்து பிறந்த சிறு மாற்றத்தை, அதாவது தாயின் குணங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றிரண்டில் மட்டும் மாறியதை விற்க வேண்டுமானால், முதல் ரகத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். இது நியாயமான திருத்தம்.

சிங்கப்பூர் 2004இல் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, அந்த ஆண்டே உபோவில் சேர்ந்தது. முதலில் சில இனங்களுக்கு மட்டும் இருந்த பாதுகாப்பு, 2014 முதல் எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்துகிறது. விண்ணப்பத்தைச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ரகம் புதியதாக இருக்க வேண்டும். தெரிந்த மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். ஒரு செடி போலவே அடுத்ததும் இருக்க வேண்டும், பெருக்கப் பெருக்கக் குணம் மாறக்கூடாது. கிடைத்தால் 25 ஆண்டு உரிமை, ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தால். அதுவரை மற்றவர்கள் அந்த ரகத்தைப் பெருக்கி விற்கவோ, ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ அனுமதி வேண்டும்.

இந்த உரிமை ஏன் அவசியம் என்றால், நகல் எடுப்பது அவ்வளவு சுலபமாகிவிட்டது. 1960இல் பிரான்சில் ஜார்ஜ் மோரெல், ஆர்க்கிட்டின் குருத்து நுனியிலிருந்து குடுவையில் செடிகளைப் பெருக்கும் முறையைக் காட்டினார். ஒரே ஒரு செடியை வாங்கி, ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், அச்சு அசலாக ஆயிரக்கணக்கில் வந்துவிடும். பத்து வருடம் தேடிக் கண்ட செடியை அடுத்தவர் இரண்டு வருடத்தில் பாதி விலைக்கு விற்றால், தேடியவர் மறுபடி ஏன் தேட வேண்டும்?

இதைச் சொல்லும்போது மதுரை மல்லியைக் கேட்பவர்கள் உண்டு. 2013இல் அதற்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. மதுரை வட்டாரத்தில் விளைந்தால்தான் மதுரை மல்லி என்று விற்கலாம் என்கிற, அந்த ஊருக்கான உரிமை. தனி ஒருவர் உருவாக்கிய ரகத்துக்கான உரிமை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் எல்லாவற்றையும்விட உயர்வாக மதிப்பது இந்தச் சட்டத்தில் உள்ள ஒரு விலக்கைத்தான். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் மகரந்தத்தை எடுத்து, அனுமதி கேட்காமலேயே, காசு கொடுக்காமலேயே, நீங்கள் புதுக் கலப்பு செய்யலாம். பிறக்கும் பூ உண்மையில் வேறொன்றாக இருந்தால் அது உங்களுடையது. சில நாடுகளில் பொதுவான காப்புரிமைச் சட்டத்தையும் செடிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் அந்தவகைக் காப்புரிமையில் இந்த விலக்கு இல்லை. அந்தப் பக்கம் நாம் போகக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் எந்தக் கலப்பும் வெறுங்கையில் தொடங்குவதில்லை. அக்னஸ் எடுத்த ஹூக்கரியானா, பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பில் வளர்ந்தது. அங்கே அதைக் களை என்றே அழைத்தார்கள். அந்தச் சதுப்புக்கு யாரும் உரிமைத்தொகை கட்டவில்லை. நாம் எல்லோரும் வாங்கிய கை என்பதால் கொடுக்கவும் வேண்டும்.

கடைசியாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வளர்க்கிற நேயர்களுக்குச் சில வார்த்தை. சொந்த ஆசைக்கு, விற்பனை நோக்கம் இல்லாமல், உங்கள் வீட்டில் ஒரு கிளை வெட்டி நட்டு வளர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட ரகம் என்று சீட்டில் போட்டிருந்தால், அதைப் பதியன் போட்டு இணையச் சந்தையில் விற்பது வேறு விஷயம். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், படித்துப் பாருங்கள்.

உங்கள் காகிதப்பூச் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தால், கத்தரித்துவிடாதீர்கள். காகிதப்பூவில் பல ரகங்கள் அப்படித்தான் கிடைத்திருக்கின்றன. தேதி போட்டுப் படம் எடுங்கள். தாய்ச்செடியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளையிலிருந்து போத்து எடுத்து நடுங்கள், அதிலிருந்து மறுபடி எடுத்து நட்டு நிறம் நிற்கிறதா பாருங்கள். நின்றால், யாருக்கும் விற்பதற்கு முன்பே அறிவுசார் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். இங்கே விற்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால், அது புதிய ரகம் என்ற தகுதியை இழந்துவிடும். தாய்ச்செடியே பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தால், அதன் உரிமையாளரிடமும் பேச வேண்டியிருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.