புகார் கொடுத்தவரின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

உழைக்கும் மக்கள் வாழும் ஒரு குடியிருப்பில் பட்டப்பகலில் ஒருவரை வெட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெருவில் அத்தனை பேர் இருக்கிறார்கள். போலீஸ் வந்து விசாரித்தால் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள். மறுநாள் ஓர் அதிகாரி, 'பொதுமக்கள் ஒத்துழைப்பு கொடுக்கவில்லை' என்று பேட்டி தருகிறார். கேட்கிற நாமும், 'அந்த ஏரியா ஜனங்களே அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த ஜனங்கள் அப்படி இல்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். குற்ற வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞராக அவர்களோடு வெகுகாலமாகப் பழகி வருகிறேன். கும்பலைக் கண்டு பயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் கும்பலிடம் உள்ள பயம் மட்டும் ஒரு தெருவையே ஊமையாக்கிவிடாது. எத்தனையோ பேர் துணிந்து பேச வருகிறார்கள். வந்தவர்களின் வாயை அடைக்கிற விஷயம் வேறு.

ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனைக் கும்பல் வெட்டியிருந்தது. உயிர் பிழைத்தான், ஒரு கை போய்விட்டது. புகாரை எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டினேன். சட்டப் பிரிவுகளைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாளின் மேற்பகுதியில் தன் பெயரும் வீட்டு எண்ணும் இருந்த இடத்தில் விரலை வைத்து, "இதை யார் யாரெல்லாம் படிப்பாங்க?" என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. சம்பவம் நடந்த அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய், தான் பார்த்ததை ஒரு காவலரிடம் சொல்லியிருக்கிறார். வீடு திரும்பும்போது தெருமுனையில் பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன், ஸ்டேஷனில் அவர் சொன்ன வாசகத்தை வார்த்தை மாறாமல் அவரிடமே திருப்பிச் சொன்னானாம். கோபமாகக்கூட இல்லை, அக்கறையாக. "பையனுக்கு இன்னொரு கை இருக்கில்லம்மா" என்றும் சேர்த்துக்கொண்டானாம்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. போடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

காவல் துறையில் லஞ்சம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி வாங்குகிற காசு. அதுவும் தவறுதான். ஆனால் ஏழை மக்களின் பகுதிகளில் நடப்பது அந்த அளவோடு நிற்பதில்லை. ஒரு கும்பல் எதில் சம்பாதிக்கிறது என்று பாருங்கள். சூதாட்டம், கள்ளச்சாராயம், போதைப்பொருள், கந்துவட்டி, நடைபாதை வியாபாரிகளிடம் வசூல். எதையும் ஒளித்து வைத்துச் செய்ய முடியாது. வாடிக்கையாளர் வர வேண்டுமானால் இடம் எது என்று தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெருவுக்குத் தெரிந்தது ரோந்து வருகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆக, அந்த இடம் வருஷக்கணக்கில் தினமும் திறந்திருக்கிறது என்றால் மாமூல் போகிறது என்று குழந்தைக்கும் புரியும். அந்தக் குழந்தை அதைப் புரிந்துகொண்டுதான் வளர்கிறது.

நியூயார்க்கில் இது விசாரணைக்கு வந்து பதிவாகியிருக்கிறது. ஃபிராங்க் செர்பிகோ என்ற போலீஸ்காரர், உடன் வேலை செய்கிறவர்கள் சூதாட்டக்காரர்களிடம் மாதாமாதம் பணம் வாங்குவதை மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. 1970 ஏப்ரலில் விஷயம் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் முதல் பக்கத்துக்கு வந்த பிறகுதான் போலீஸ் ஊழலை விசாரிக்க நேப் ஆணையம் அமைக்கப்பட்டது. 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் சோதனையின்போது செர்பிகோ முகத்தில் சுடப்பட்டு, உயிர் தப்பி, அதே ஆண்டில் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். ஆணையத்தின் அறிக்கையில் ஒரு விவரம் என்னை விட்டு நீங்கவே இல்லை. சூதாட்ட வசூலில் ஒரு காவலருக்கு மாதப் பங்கு, நகரின் பணக்கார மையப் பகுதியில் 300, 400 டாலர். ஹார்லெமில் 1,500 டாலர். கறுப்பின மக்கள் வறுமையில் வாழ்ந்த பகுதி அது. அங்கேதான் பங்கு அதிகம். அந்தப் பகுதி மக்கள் புகார் கொடுத்தாலும் யார் காதிலும் ஏறாது என்ற தைரியம் இருந்தால்தான் வசூல் இப்படிக் கொழிக்கும்.

சரி, இவ்வளவு கொடுக்கிற கும்பல் பதிலுக்கு என்ன வாங்குகிறது? கண்டுகொள்ளாமல் இருப்பதை மட்டும் வாங்கவில்லை. சோதனை வருமுன் ஒரு தகவல் வரும். போட்டிக் கும்பல் மீது ஒரு கேஸ் விழும். இதற்கெல்லாம் மேலாக, யார் பேசினார்கள் என்ற பெயர் வரும். என்னைக் கேட்டால் கும்பல் வாங்குவதில் மிகக் கொடிய சரக்கு இந்தப் பெயர்தான். ஒரே ஒரு தடவை ஒரு பெயர் ஸ்டேஷனிலிருந்து கசிந்தால் போதும், அந்தத் தெரு பத்து வருஷத்துக்கு வாய் திறக்காது. கசியவிட்டவருக்குக் கிடைத்தது அற்பத் தொகையாகக்கூட இருந்திருக்கும்.

வாய் திறக்க முடியாத இடத்தில் வழக்கு எங்கே போகும்? கும்பல் தலைவனிடமே போகும். வீட்டுத் தகராறு, கடன் தகராறு, வாடகைப் பாக்கி, காணாமல் போன சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் அவனே பஞ்சாயத்து செய்கிறான். 'அண்ணன் நியாயமானவர்' என்று பேரும் வாங்குகிறான். பதினைந்து வயதுப் பையன் இதைப் பார்க்கிறான். அப்பா ஸ்டேஷனில் கைகட்டி நின்று அவமானப்பட்டதையும் பார்த்திருக்கிறான். அதே ஸ்டேஷன்காரர் அண்ணனுக்கு நாற்காலி போட்டதையும் பார்த்திருக்கிறான். அவன் எந்தப் பக்கம் போவான் என்று நாம் அதிசயப்பட என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் பலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. ரவுடிகளை ஒடுக்கத் தனிப்படை அமையுங்கள், அதன் கையைக் கட்டாதீர்கள் என்பார்கள். அவர்களுடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே ராம்பார்ட் பகுதியில் கும்பல் ஒழிப்புப் படையில் இருந்த ரஃபேல் பெரேஸ், காவல் துறைப் பாதுகாப்பில் இருந்த கொக்கெய்னைத் திருடியதற்காக 1998இல் கைதானார். அவர் வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கியதும் படையே நாறியது. நிராயுதபாணியாக இருந்த ஓர் இளைஞரைச் சுட்டு முடமாக்கி, பக்கத்தில் துப்பாக்கியைப் போட்டு, அவர்தான் தங்களைத் தாக்க வந்தார் என்று சத்தியம் செய்து 23 ஆண்டு சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்ய வேண்டி வந்தது. பால்டிமோர் நகரத்திலும் கள்ளத் துப்பாக்கிகளைப் பிடிக்க அமைத்த தனிப்படை, மக்களின் பணத்தைக் கொள்ளையடித்து, பிடித்த போதைப்பொருளை விற்றது 2017இல் வெளியானது. அதன் தலைவருக்கு 25 ஆண்டு சிறை.

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. போதைக் கும்பல்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு பணியில் உள்ள போலீஸ்காரர்களும் முன்னாள் போலீஸ்காரர்களும் சேர்ந்து 'மிலிசியா' என்ற கும்பல்களை அமைத்தார்கள். கேஸ் சிலிண்டர், கேபிள் டிவி, வேன் போக்குவரத்து, 'பாதுகாப்புக் கட்டணம்' என்று ஏழைக் குடியிருப்புகளில் அவர்கள் கைவைக்காத தொழில் இல்லை. 2008இல் மாநில சட்டமன்றம் இதை விசாரித்தது. அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவரோடு பணியாற்றியவர் மரியெல் ஃபிராங்கோ. குடிசைப் பகுதியில் பிறந்து, நகர மன்ற உறுப்பினராக உயர்ந்தவர். 2018 மார்ச் 14 அன்று காரில் போகும்போது அவரையும் ஓட்டுநரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக 2024இல் தண்டிக்கப்பட்ட இருவருமே முன்னாள் போலீஸ்காரர்கள். அங்கே ஒரு தாய் பாதுகாப்பு கேட்டு எந்த வாசலுக்குப் போவார்?

இந்தப் பகுதிகளில் வாழ்கிறவர்கள் எல்லோரும் குற்றத்தில் ஊறியவர்கள் என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் கணக்கே அதற்கு எதிராக இருக்கிறது. 1990களின் நடுவில் பாஸ்டன் நகரில் இளைஞர் கொலைகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் காவல் துறையோடு உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கும்பல்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,300 பேர். நகரத்தில் அந்த வயதுள்ளவர்களில் 1 சதவீதம்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்தில் தொடர்புள்ளவர்கள் அவர்கள்தான். நூறு பேரில் மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது பேர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். அந்த ஒருவனைப் பற்றித் தெரிந்தும் பேச முடியாமல் வாழ்கிறவர்களும் அவர்கள்தான்.

பாஸ்டனில் அப்போது எடுத்த வழியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. கத்திக்குத்துக்குப் பேர் போன நகரம் அது. 2005இல் அங்கே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 2008 அக்டோபரில் எதிரெதிர்க் கும்பல் பையன்களை ஒரே நீதிமன்ற அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்று யார் மீதும் வழக்கு இல்லை. உங்களில் ஒருவன் கை வைத்தாலும் கும்பல் முழுவதையும் தேடி வருவோம் என்று காவல் துறை சொன்னது. கத்திக்காயங்களைத் தைக்கிற மருத்துவர் பேசினார். வெட்டுப்பட்ட மகனின் தாய் பேசினார். கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, படிக்க வேண்டுமா, வேலை வேண்டுமா, இதில் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டவர்களுக்கு உதவியும் செய்தார்கள். பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. எல்லாம் அந்த ஒரு கூட்டத்தால் ஆனது என்று நான் சொல்லவில்லை. பள்ளி, மருத்துவமனை, வேலைவாய்ப்பு என்று பலதும் சேர்ந்தது. ஆனால் அந்த அறையில் போலீஸ் சொன்ன எச்சரிக்கையையும் வாக்குறுதியையும் பையன்கள் நம்பினால்தான் மற்றது எதுவும் தொடங்க முடியும். எதிரே பேசுகிற அதிகாரி எதிர்க் கும்பலிடம் மாமூல் வாங்குகிறவர் என்று ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தொலைபேசி எண்ணை எவன் எடுத்துப் போயிருப்பான்?

அந்த நம்பிக்கையை அடியிலிருந்து கட்ட முடியுமா என்றால், ஹாங்காங்கைச் சொல்வேன். 1960களில் அங்கே தண்ணீர் பீய்ச்சுவதற்கு முன் தீயணைப்பு வீரர் காசு கேட்பார். மருத்துவமனையில் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் நோயாளி காசு கொடுக்க வேண்டும். போலீஸில் சூதாட்ட விடுதி, போதைக் கும்பல் வசூலெல்லாம் ஒரே கணக்காகச் சேர்ந்து மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. இதை ஒரு பேருந்துக்கு ஒப்பிட்டது பிற்பாடு வந்த பிளேர்-கெர் விசாரணை அறிக்கை: ஏறிக்கொள்ளலாம், ஏறாமல் பக்கத்தில் ஓடி வரலாம், குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது.

1973இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரியவந்தது. இருபது வருஷத்துக்கு மேலான சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. விசாரணை நடக்கும்போதே, விமான நிலையத்துக்கான தன் போலீஸ் அனுமதிச் சீட்டைக் காட்டி விமானம் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டார். மாணவர்களும் பொதுமக்களும் தெருவுக்கு வந்தார்கள். அதுவரை ஊழலை விசாரித்துக்கொண்டிருந்தது காவல் துறைக்குள்ளேயே இருந்த ஒரு பிரிவு. அதை எடுத்துவிட்டு, 1974 பிப்ரவரியில் ஐசிஏசி என்ற தனி ஆணையத்தை அமைத்தார்கள். பிரிட்டிஷ் ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு. காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி, நான்கு ஆண்டு சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. மக்கள் குடியிருக்கும் பகுதிகளிலேயே அலுவலகம் திறந்து, நேரில் வந்து சொல்லுங்கள் என்றது.

சுலபமாக நடக்கவில்லை. 1977 அக்டோபரில் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் ஊர்வலம் போனார்கள். சிலர் ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களை அடித்தார்கள். அந்த ஆண்டுக்கு முந்தைய பல குற்றங்களுக்கு ஆளுநர் மன்னிப்பு அறிவிக்க வேண்டி வந்தது. அந்த மன்னிப்பு பலருக்குக் கசந்திருக்கும், எனக்கும் கசக்கிறது. ஆனாலும் ஆணையத்தைக் கலைக்கவில்லை. கூட்டாக வசூலித்துப் பங்கு பிரிக்கிற அந்தப் பழைய ஏற்பாடு நாளடைவில் தலைதூக்க முடியாமல் போனது.

தொடக்க காலத்தில் ஆணையத்துக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை பெயரில்லாதவை. வந்த தாள் யார் கைக்குப் போகும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. கொடுத்த பெயர் வெளியே போகவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகுதான், பெயர் சொல்லிப் புகார் கொடுப்பவர்கள் பெரும்பான்மையானார்கள்.

ஆகவே நேயர்களே, வன்முறையை ஒழிப்போம் என்று யாராவது வாக்குக் கேட்டு வந்தாலோ, பதவியேற்றுப் பேசினாலோ, எத்தனை பேரைப் பிடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு போலீஸ்காரர் மேல் புகார் கொடுத்தால் அதை இன்னொரு போலீஸ்காரரே விசாரிப்பாரா, வெளியே ஓர் அமைப்பு விசாரிக்குமா என்று கேளுங்கள். சாட்சியின் முகவரி எந்தெந்த மேசையைத் தாண்டிப் போகிறது, கசிந்தால் கசியவிட்டவர் வேலை போகுமா, வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பம் வேறிடத்தில் தங்க யார் செலவு செய்வார்கள் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வர வேண்டும்.

அந்தத் தாய் கேட்டதும் இதைத்தான். அவருக்குக் கொடுக்க என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

நன்றி, வணக்கம்.