அரை மில்லிமீட்டர் அச்சம்

நேயர்களுக்கு வணக்கம். கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரை உள்ள ஊர்களும் தனக்கே என்று எடுத்துக்கொண்டது. குண்டு கிராமங்கள் அப்படி வந்தவைதாம். குண்டை வைத்து ஊருக்கு எல்லை போட்டவர்கள், பிற்பாடு துப்பாக்கிக்கே எல்லை போட்டார்கள். அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லண்டனில் ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த இரட்டைக்குழல் வேட்டை ரைபிளைப் பார்த்தால், சேகரிப்பவர்கள் வால்நட் கட்டையின் ரேகையையும் செதுக்கு வேலையையும் புகழ்வார்கள். என் கண் முதலில் குழலின் விட்டத்துக்குத்தான் போகும். யானை, காட்டெருமை வேட்டைக்கு அக்காலத்தில் .450 அங்குலம் என்ற குழல் அளவுக்குப் பெரும் மதிப்பு. ஆனால் மார்ட்டினி ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கும் அதே விட்டம். கலகக்காரர்கள் கையில் தோட்டா சிக்கிவிடுமோ என்று அஞ்சிய ஆங்கில அரசு, .450ஐ இந்தியாவுக்குள் விடவில்லை. லண்டன் கடைக்காரர்கள் அசரவில்லை. விட்டத்தை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூட்டினார்கள்; .465, .470, .475 என்று புதிய அளவுகள் கிளம்பின. ஹாலந்து அண்டு ஹாலந்து என்ற லண்டன் துப்பாக்கிக் கம்பெனியின் .465 வந்தது 1907இல். ஆப்பிரிக்காவில் இன்றும் கொண்டாடப்படும் .470 அந்த வரிசையில் வந்ததுதான்.

இந்த ரைபிள்களில் இன்னொரு நுட்பம் உண்டு. இரண்டு குழல்களும் இணையாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் முனையில் சற்றே நெருங்கியிருக்கும். சுடும்போது வலக்குழல் வலப்பக்கமும் இடக்குழல் இடப்பக்கமும் எகிறும். அந்த எகிறலைக் கணக்கிட்டு, இரண்டு குண்டுகளும் ஒரே இடத்தில் விழும்வரை தொழிலாளி சுட்டுப் பார்ப்பார், குழல்களை இணைக்கும் பற்றவைப்பை இளக்குவார், நகர்த்துவார், மறுபடி சுடுவார். எந்த வெடிமருந்து, எத்தனை எடைக் குண்டு என்பதைக் குழலின் அடியிலேயே பொறித்துவிடுவார்கள். மருந்து மாறினால் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். 1970 வாக்கில் பழைய பெரிய தோட்டாக்களின் உற்பத்தி நின்றபோது, அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பித்தளைக் கூட்டில் தாங்களே மருந்தடைக்கத் தலைப்பட்டது இதனால்தான். வெறும் சிக்கனம் என்று அதைச் சொல்பவர்கள் ரைபிளைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

நம் நாட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டா செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது; 1991 திருத்தத்தோடு வேட்டையும் முடிந்தது, முடிந்தது நல்லதே. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. தாத்தா வைத்துவிட்டுப் போனதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆகவே வீட்டில் மிஞ்சியதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுப்பதற்கு முன், உரிமம் பெற்ற கடைக்காரரைக் கொண்டு குழலைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் உள்ள எண், முத்திரை, மருந்தளவு எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி வீடுகளில் பிரெஞ்சுக் காலத்துத் துப்பாக்கி இருந்தால், துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன பிரான்சின் செயின்ட் எத்தியேன் நகரத்து முத்திரைகூடக் கிடைக்கலாம். ஆயுதக் கிடங்குக்குள் போனபின் அதைப் புரட்டிப் பார்க்க யாரும் உங்களை விடமாட்டார்கள்.